மென்பொருளின் மூலமும் சார்பும்

சென்னைக்கு மேற்கே அம்பத்தூரில் 1949-ஆம் ஆண்டு டி.ஐ. சைக்கிள்ஸ் நிறுவனம் தொடங்கப்பட்டது. சைக்கிளின் பிரேமுக்கு எஃகுக் குழாய் வேண்டும். 1955-ஆம் ஆண்டு ஆவடியில் டியூப் புராடக்ட்ஸ் என்னும் குழாய்த் தொழிற்சாலை எழுந்தது. பெடலின் விசையைப் பின் சக்கரத்துக்குக் கொண்டு செல்லச் சங்கிலி வேண்டும். 1960-ஆம் ஆண்டு அம்பத்தூரிலேயே டி.ஐ. டயமண்ட் செயின் என்னும் சங்கிலித் தொழிற்சாலை வந்தது. மூன்றும் முருகப்பா குழுமத்தைச் சேர்ந்தவை. சைக்கிளில் ஏறிச் செல்பவர் சைக்கிளை மட்டுமே காண்கிறார். அதைச் செய்பவரோ குழாயையும் சங்கிலியையும் முதலில் எண்ணிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கணிப்பொறியில் ஓடும் மென்பொருளும் இத்தகையதே. ஒரு மென்பொருளை முழுவதும் ஒருவரே எழுதுவதில்லை. பலர் எழுதி வைத்த நிரல் நூலகங்களை எடுத்து இணைத்துக்கொள்கிறார்கள். லைப்ரரி எனப்படும் இந்த நூலகம், பலருக்கும் பயன்படக்கூடிய நிரல்களின் தொகுப்பாகும். ஒன்று கோப்பைச் சுருக்கும். மற்றொன்று எழுத்துரு வரையும். வேறொன்று படத்தைத் திறக்கும். ஒரு மென்பொருள் எந்தெந்த நூலகங்களை நம்பி நிற்கிறதோ அவை அதன் சார்புகள். இச்சார்புகளைத் தயார் செய்து, மென்பொருளை நாமே மூலத்திலிருந்து கட்டுவது எப்படி? அதனால் தமிழருக்கு ஆகும் பயன் என்ன? இவற்றை இக்கட்டுரையில் காண்போம்.

மூல நிரலும் இயங்கு நிரலும்

மனிதர் படித்து எழுதக்கூடிய வடிவில் இருப்பது மூல நிரல். கணிப்பொறியின் செயலிக்கு அது புரியாது. கம்பைலர் எனப்படும் தொகுப்பி அதைப் படித்துச் செயலியின் கட்டளைகளாக மாற்றுகிறது. ஒரு நூலகத்தில் நூற்றுக்கணக்கான மூலக் கோப்புகள் இருக்கலாம். ஒவ்வொன்றும் தனித்தனியே மாற்றப்பட்டபின், லிங்கர் எனப்படும் இணைப்பி அவற்றை ஒன்றாகக் கோத்து முடிக்கிறது. இவ்வேலை முழுவதையும் பில்டு, அதாவது கட்டுதல், என்கிறோம்.

கட்டற்ற மென்பொருள்களின் மூல நிரல் யாவருக்கும் திறந்திருக்கிறது. ஆனால் மூலம் கையில் இருந்தால் மட்டும் போதுமா? கட்டும் முறை தெரியாவிட்டால் அது படித்துப் பார்க்கும் ஏடாகவே இருந்துவிடும். இதை உணர்ந்தே 1991-ஆம் ஆண்டு வெளிவந்த ஜி.பி.எல். உரிமத்தின் இரண்டாம் பதிப்பு, நிரலைத் தொகுக்கவும் நிறுவவும் உதவும் குறிப்பு நிரல்களையும் சேர்த்தே 'முழு மூலம்' என்று வரையறுத்தது.

கொரட்டூர் என்னும் சொல்

அம்பத்தூரை அடுத்துள்ளது கொரட்டூர். இப்பெயரைக் கணிப்பொறி எப்படி வைத்துக்கொள்கிறது என்று பார்ப்போம். யூனிகோடு முறையில் இதற்கு 9 குறியெண்கள் உண்டு. முதலில் 'க' என்னும் மெய்யுரு. அடுத்து ஒகரக் குறி. பின் ர, ட, புள்ளி, ட, ஊகாரக் குறி, ர, புள்ளி. ஒலிக்கும் வரிசையிலேயே இவை சேமிக்கப்படுகின்றன. ஆனால் எழுதும்போது ஒகரக் குறி இரண்டாகப் பிரிய வேண்டும். கொம்பு ககரத்துக்கு முன்னாலும் கால் பின்னாலும் அமைய வேண்டும். டகரமும் ஊகாரக் குறியும் கூடி ஒரே வடிவமாக வேண்டும்.

இந்தப் பிரித்தல், முன்பின் மாற்றுதல், கூட்டுதல் ஆகியவற்றைச் செய்யும் நூலகத்தின் பெயர் ஹார்ஃப்பஸ். ஃபயர்ஃபாக்ஸ், குரோம், லிப்ரே ஆபீஸ், ஆண்ட்ராய்டு ஆகிய அனைத்திலும் இது இருக்கிறது. எழுத்துருக் கோப்பைத் திறந்து புள்ளிகளாக வரைவது ஃப்ரீடைப் என்னும் வேறொரு நூலகம். அரபு, எபிரேயம் போன்ற வலமிருந்து இடம் செல்லும் எழுத்துகளின் திசையைக் கவனிப்பது ஃப்ரிபிடி. இம்மூன்றையும் ஒருங்கே இயக்குவது ரக்ம் என்னும் சிறு நூலகம்.

இப்போது ஒரு மாணவர், பரிசுச் சான்றிதழ்ப் படத்தின்மீது நூறு பேர்களைப் பைத்தான் மொழியால் அச்சிட விரும்புகிறார் என்று கொள்வோம். அதற்குப் பெரிதும் பயன்படுவது பில்லோ என்னும் பட நூலகம். பில்லோ தமிழைச் சரியாக எழுத ரக்ம் வேண்டும். ரக்முக்கு ஹார்ஃப்பஸ், ஃப்ரீடைப், ஃப்ரிபிடி வேண்டும். ஃப்ரீடைப்புக்குப் படங்களுக்கான லிப்பிஎன்ஜி உதவுகிறது. லிப்பிஎன்ஜிக்குச் சுருக்கும் நூலகமாகிய இசட்லிப் வேண்டும். ஒரு பெயர் எழுதுவதற்கு இத்தனை பேர் கைகொடுக்க வேண்டியிருக்கிறது!

எதை முதலில் கட்டுவது?

குழாய் வருமுன் பிரேம் செய்ய முடியாது. அதுபோல் இசட்லிப் முதலில், பின் லிப்பிஎன்ஜி, பின் ஃப்ரீடைப் என்று வரிசை வகுக்க வேண்டும். எந்தச் சார்பும் இல்லாததை முதலில் எடுத்துக் கட்டுக. கட்டி முடித்ததைப் பட்டியலிலிருந்து நீக்குக. இப்போது சார்பு தீர்ந்து நிற்பதை அடுத்து எடுத்துக்கொள்க. இவ்வாறே தொடர்ந்தால் வரிசை தானாகக் கிடைக்கும். இம்முறையை ஆர்தர் கான் என்பவர் 1962-ஆம் ஆண்டு விளக்கினார்.

ஒரு நூலகத்துக்குள்ளே உள்ள கோப்புகளுக்கும் இதே கணக்குத்தான். பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்டுமன் 1976-ஆம் ஆண்டு ஆக்கிய 'மேக்' என்னும் கருவி, எக்கோப்பு எதைச் சார்ந்தது என்ற பட்டியலைப் படிக்கிறது. பின்பு ஒவ்வொரு கோப்பும் கடைசியாக மாற்றப்பட்ட நேரத்தை ஒப்பிட்டு, மாறியவற்றையும் அவற்றைச் சார்ந்தவற்றையும் மட்டும் மீண்டும் தொகுக்கிறது.

சில வேளைகளில் சார்பு வட்டமாகிவிடும். ஹார்ஃப்பஸுக்கு ஃப்ரீடைப் பயன்படுகிறது. ஃப்ரீடைப்போ, கூட்டெழுத்து வடிவங்களைச் செம்மையாக வரைய ஹார்ஃப்பஸின் உதவியை நாடுகிறது. எதை முதலில் கட்டுவது? பல ஆண்டுகளாக வழக்கில் இருந்த தீர்வு எளியது: ஹார்ஃப்பஸ் இல்லாமலே ஃப்ரீடைப்பை ஒரு முறை கட்டுவது, அதைக்கொண்டு ஹார்ஃப்பஸைக் கட்டுவது, பிறகு ஹார்ஃப்பஸோடு சேர்த்து ஃப்ரீடைப்பை இரண்டாம் முறை கட்டுவது.

பட்டறையில் இது புதிதன்று. லேத் செய்வதற்கே ஒரு லேத் வேண்டும். சுமாரான லேத்தைக்கொண்டு நல்ல லேத்தின் பாகங்களைக் கடைந்து எடுப்பார்கள். ஜி.சி.சி. என்னும் புகழ்பெற்ற தொகுப்பியும் இப்படியே மும்முறை கட்டப்படுகிறது. முதலில் கணினியில் ஏற்கனவே உள்ள தொகுப்பியால், பின்பு அவ்வாறு கிடைத்த தன்னால், மறுபடியும் தன்னால். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் ஒரே விளைவு தந்தால்தான் வேலை சரி.

கட்டும் படிகள்

முதற்படி, மூலக் கோப்பை உரிய இடத்திலிருந்து பெற்று, அதனுடன் வெளியிடப்பட்ட சரிபார்ப்பு எண்ணை ஒத்துப் பார்ப்பது. ஒரே ஓர் எழுத்து மாறியிருந்தாலும் எண் வேறாகிவிடும்.

இரண்டாம் படி, உள்ளே இருக்கும் 'ரீட்மீ' குறிப்பைப் படித்துச் சார்புகளையும் அவற்றின் குறைந்தபட்சப் பதிப்புகளையும் எழுதிக்கொள்வது. புதிதாகத் தொடங்குவோர் இதைத் தாண்டிச் சென்றுவிடுவார்கள். பிறகு படும் தொல்லைகளில் பெரும்பாலானவை இங்கே தொடங்குகின்றன.

மூன்றாம் படி, சார்புகளை நிறுவுவது. இங்கே ஒரு நுட்பம் கவனிக்கத்தக்கது. ஒரு நூலகத்தைப் பயன்படுத்துவதற்கு அதன் இயங்கு நிரல் போதும். ஆனால் அதைச் சார்ந்து வேறொன்றைக் கட்ட, ஹெடர் எனப்படும் தலைப்புக் கோப்புகளும் தேவை. போல்ட்டின் மரை அளவு தெரியாமல் நட்டு செய்ய முடியுமா? அந்த அளவைச் சொல்வது தலைப்புக் கோப்பு. டெபியன், உபுண்டு முதலிய லினக்ஸ் வகைகளில் இவை 'டெவ்' என்ற பின்னொட்டுடன் தனிப் பொதிகளாக வருகின்றன. "ஃப்ரீடைப் என் கணினியில் இருக்கிறதே, ஏன் இல்லை என்கிறது?" என்று திகைப்பவர், பெரும்பாலும் இந்த டெவ் பொதியை நிறுவாதவராகவே இருப்பார்.

நான்காம் படி, அமைத்தல். கட்டும் கருவி கணினியை ஆராய்ந்து, தொகுப்பி எங்கே, நூலகங்கள் எங்கே என்று கண்டறிந்து, முடிவில் ஒரு பட்டியல் தரும். ஐந்தாம் படி, தொகுத்தல். ஆறாம் படி, நூலகத்துடன் வரும் சோதனைகளை ஓட்டிப் பார்த்தல். ஏழாம் படி, நிறுவுதல். நாமே கட்டியதை லினக்ஸின் சொந்தப் பொதிகளோடு கலக்காமல் வேறிடத்தில் வைப்பது நல்லது. நீக்க நேர்ந்தால் எளிதாக இருக்கும்.

'வெற்றி' என்ற செய்தியை நம்பலாமா?

சார்புகளில் இரு வகை உண்டு. கட்டாயச் சார்பு இல்லையென்றால் வேலை உடனே நின்று பிழை காட்டும். விருப்பச் சார்பு இல்லையென்றாலோ கருவி அதை விட்டுவிட்டு மேலே சென்று, முடிவில் வெற்றி என்றே அறிவிக்கும். பில்லோவுக்கு ரக்ம் விருப்பச் சார்பு. ரக்ம் இல்லாமல் கட்டினாலும் பில்லோ நன்றாகவே ஓடும். ஆங்கில எழுத்துகளில் ஒரு குறையும் தெரியாது. ஆனால் கொரட்டூரின் கொம்பு ககரத்துக்குப் பின்னால் போய் நிற்கும். சென்னையின் ஐகாரக் குறியும் இடம் மாறிவிடும். குற்றம் தமிழ் எழுத்துருவின்மேல் சுமத்தப்படும்!

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. தமிழ் இடமிருந்து வலம் செல்வது. ஃப்ரிபிடியின் வேலை அதற்குத் தேவையே இல்லை. எனினும் ரக்ம் ஃப்ரிபிடியை நம்பி நிற்பதால், அது கிடைக்காத இடத்தில் ரக்ம் இயங்காது. ரக்ம் இயங்காவிட்டால் தமிழ் உடையும். அரபு மொழிக்கான ஒரு கோப்பு இல்லாத குறையைத் தமிழ்ச் சான்றிதழ் சுமக்கிறது. சார்புச் சங்கிலியைத் தொடர்ந்து பார்க்கத் தெரியாதவருக்கு இக்காரணம் ஒருநாளும் தோன்றாது.

தீர்வு நம் கையில் இருக்கிறது. அமைத்தல் முடிவில் வரும் பட்டியலில் ரக்ம் 'உண்டு' என்று இருக்கிறதா எனப் படிக்க வேண்டும். விருப்பச் சார்பைக் கட்டாயமாக்கும் தெரிவையும் பில்லோ தருகிறது. அதைக் கொடுத்தால் ரக்ம் இல்லாதபோது கட்டும் வேலை நின்றுவிடும். நின்றுபோவது நல்லதே. கட்டும்போது தெரியும் பிழையை உடனே திருத்தலாம். நூறு சான்றிதழ் அச்சான பின் தெரியும் பிழையை என்ன செய்வது?

கண்ணுக்குத் தெரியாத கண்ணி

2024-ஆம் ஆண்டு மார்ச் 29 அன்று ஆண்ட்ரேஸ் ஃபிராய்ண்ட் என்னும் பொறியாளர் ஓர் அதிர்ச்சிச் செய்தியை வெளியிட்டார். தொலைவிலிருந்து கணினிக்குள் நுழைய உதவும் எஸ்.எஸ்.எச். நிரல், வழக்கத்தைவிட ஏறத்தாழ அரை நொடி தாமதமாவதை அவர் கண்டார். காரணத்தைத் தேடிச் சென்றபோது, 'எக்ஸ்இசட்' என்ற சுருக்கும் நூலகத்தின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ள வாயில் ஒன்றை ஒளித்து வைத்திருந்தது வெளிப்பட்டது. எஸ்.எஸ்.எச். அந்நூலகத்தை நேரே பயன்படுத்தவில்லை. சில லினக்ஸ் வகைகளில் அதனுடன் இணைத்த சிஸ்டம்டி நூலகத்தின் சார்பாக அது உள்ளே வந்திருந்தது. மேலும், தீங்கைத் தூண்டிய வரிகள் எல்லோரும் பார்க்கும் பொது மூலத்தில் இல்லை. வெளியீட்டுப் பொதிக்குள் இருந்த கட்டும் குறிப்பில் இருந்தன. மூலம் திறந்திருந்தும், கட்டும் முறையைக் கவனிப்பாரில்லை என்று தெரிந்தே அங்கே ஒளித்தார்கள்.

இதற்கு மாற்றாக, டெபியன் குழுவினர் 2013-ஆம் ஆண்டு முதல் ஒரு முறையை வளர்த்து வருகிறார்கள். ஒரே மூலத்தை ஆவடியில் ஒருவரும் பூந்தமல்லியில் ஒருவரும் ஒரே சூழலில் தனித்தனியே கட்டினால், இரு விளைவுகளும் ஒரு பிட் கூட மாறாமல் ஒத்திருக்க வேண்டும். மாறினால் எங்கோ தவறு இருக்கிறது என்று பொருள். நாள், நேரம், கோப்பு வரிசை போன்ற சிறு வேறுபாடுகள் விளைவில் கலந்துவிடாமல் தடுத்தால்தான் இது கைகூடும்.

நம்மூர் முயற்சி

இக்கலை சென்னைக்குப் புதிதன்று. நடுவண் அரசின் ஆதரவில் 2005-ஆம் ஆண்டு கட்டற்ற திறமூல மென்பொருளுக்கான தேசிய வள மையம் சென்னையில் அமைந்தது. சி-டாக் நிறுவனத்தின் சென்னைக் கிளையும், குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் உள்ள ஏயு-கேபிசி ஆய்வு மையமும் அதில் பங்கு கொண்டன. டெபியனின் மூலத்தைக்கொண்டு, தமிழ் உட்பட இந்திய மொழிகளுக்கு ஏற்றவாறு அமைத்த 'பாஸ்' லினக்ஸ் 2007-ஆம் ஆண்டு வெளிவந்தது. 2011-ஆம் ஆண்டு தொடங்கிய தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் வழங்கிய பல கணினிகளில் விண்டோஸுடன் பாஸும் இடம் பெற்றிருந்தது. அன்று அக்கணினியைப் பெற்ற மாணவர் பலர், தம் வீட்டிலேயே ஒரு தொகுப்பியை வைத்துக்கொள்ள முடியும் என்பதை அறியாமலே இருந்திருக்கலாம்.

ஹார்ஃப்பஸை எழுதியவர்களும் பில்லோவைப் பேணுபவர்களும் உலகின் பல மூலைகளில் இருக்கிறார்கள். அவர்களில் பெரும்பாலோருக்குத் தமிழ் படிக்கத் தெரியாது; கொம்பு இடம் மாறி நின்றால் அவர்கள் கண்ணுக்குத் தவறாகப் படாது. அதைக் கண்டு சொல்லக்கூடியவர் நாமே. மூலத்தைப் பெற்று, சார்புகளைத் தேடி, ஒரு முறை கட்டிப் பார்ப்பவர், 'எழுத்து உடைகிறது' என்று புலம்புவதோடு நில்லாமல், எந்த நூலகத்தில், எந்தச் சார்பில் குறை என்று எழுதி அனுப்ப முடியும். தொடங்குவதற்கு ஒரு பழைய கணினியும் இணைய இணைப்பும் போதும். முதலில் இசட்லிப்பைக் கட்டிப் பாருங்கள். அதற்கு வேறு எந்த நூலகமும் தேவையில்லை.