கிரிவலம் 3 சுற்று = ஒரு மாரத்தான்: மூன்றாவது சுற்றில் உடம்புக்கு என்ன ஆகும்?

திருவண்ணாமலை கிரிவலப் பாதை 14 கி.மீ. மூன்று முறை சுற்றினால் 42. கூடவே 195 மீட்டர் சேர்த்தால் ஒரு ஃபுல் மாரத்தான். ‘பௌர்ணமிக்குச் செருப்பில்லாம ஒரு சுத்து அசால்ட்டா முடிக்கிறோம், மூணு சுத்து ஓட முடியாதா?’ என்ற கேள்வி ஊர்க்காரர்களுக்கு வருவது இயல்பு. அதுவும் ஜனவரியில் சென்னை மாரத்தான் ஓடிய நண்பர்களின் மெடல் போட்டோ இன்ஸ்டாவை நிரப்பும்போது!

முடியும். ஆனால் முதல் இரண்டு சுற்றுகளின் கணக்கு மூன்றாவது சுற்றுக்குச் செல்லாது.

கிரிவலத்தில் ஒவ்வொரு லிங்கமாக நின்று, டீ குடித்து, நாலைந்து மணி நேரத்தில் முடிக்கிறோம். நடக்கும்போது ஒரு கால் எப்போதும் தரையில் இருக்கும். ஓடும்போது இரண்டு கால்களும் தரையை விட்டு எழும்புகின்றன. ஒவ்வொரு முறை கால் ஊன்றும்போதும் உடல் எடையைப் போல இரண்டு, மூன்று மடங்கு விசை காலில் இறங்குகிறது.

எரிபொருள் பிரச்சினை தனி. தசையிலும் கல்லீரலிலும் சேமித்து வைத்திருக்கும் கிளைகோஜன் என்ற மாவுச்சத்துதான் ஓட்டத்தின் முக்கிய எரிபொருள். பலருக்கு 30 கி.மீ. வாக்கில் இது தீரத் தொடங்கும். உடம்பில் கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் அதிலிருந்து ஆற்றல் மெதுவாகத்தான் வரும். கால் கனக்கும், மூளை ‘போதும், உட்காரு’ என்று சொல்லும். ரன்னர்கள் இதற்கு வைத்திருக்கும் பெயர் ‘சுவர்’. ராஜகோபுரத்தில் கிளம்பினால், மூன்றாவது சுற்றில் ரமணாசிரமம் பக்கம் இந்தச் சுவர் வரும். யம லிங்கமும் அதே பகுதியில் இருப்பது தற்செயல்தான், பயப்பட வேண்டாம்.

அப்புறம் ஏன் இத்தனை பேர் ஓடுகிறார்கள்? 2026 லண்டன் மாரத்தானுக்கு மட்டும் 11 லட்சத்துக்கும் அதிகமானோர் விண்ணப்பித்தார்கள். ஃபினிஷ் லைனைத் தாண்டும்போது வரும் அந்த ‘செம’ ஃபீலிங் ஒரு காரணம். ஆனால் உண்மையான லாபம் அதற்கு முன்பே கிடைத்துவிடுகிறது. லண்டனில் முதல்முறை மாரத்தான் ஓடிய 138 பேரைப் பரிசோதித்து 2020-ல் ஓர் ஆய்வு வெளியானது. பயிற்சிக்கு முன்பும், பந்தயம் முடிந்த பிறகும் எடுத்த அளவுகளை ஒப்பிட்டால், அவர்களின் ரத்தக் குழாய்கள் சுமார் நான்கு வயது இளமையாகியிருந்தன. ரத்த அழுத்தமும் குறைந்திருந்தது. அந்தப் பலனைத் தந்தது மாதக்கணக்கில் செய்த மிதமான பயிற்சி.

‘முட்டி தேஞ்சிடும்’ என்று வீட்டில் சொல்வார்கள். 2017-ல் பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்ததில், பொழுதுபோக்காக ஓடுபவர்களில் 3.5 சதவீதம் பேருக்குத்தான் முட்டி, இடுப்பு மூட்டுத் தேய்மானம் இருந்தது. ஓடாமல் உட்கார்ந்தே இருப்பவர்களில் 10.2 சதவீதம். ஆனால் போட்டிக்காகத் தீவிரமாக ஓடுபவர்களில் 13.3 சதவீதம். அளவு மீறினால் அம்மா சொன்னதும் சரிதான்.

இதயம்? அமெரிக்காவில் 2010 முதல் 2023 வரை ஃபுல், ஹாஃப் மாரத்தான்களை முடித்த 2.9 கோடிக்கும் அதிகமானோரில் 176 பேருக்கு இதயம் திடீரென நின்றது. முந்தைய பத்தாண்டுடன் ஒப்பிட்டால் இந்த விகிதம் குறையவில்லை. உயிரிழப்பு மட்டும் ஏறக்குறைய பாதியாகியிருக்கிறது. ஓடும் பாதையிலேயே சிபிஆர் தெரிந்தவர்களும், இதயத்துக்கு ஷாக் கொடுக்கும் கருவியும் இருப்பதுதான் இதற்கு முக்கியக் காரணமாகக் கருதப்படுகிறது. பெரிய நகர மாரத்தானுக்குப் பணம் கட்டுவதில் இது ஒரு நியாயம். கிரிவலப் பாதையில் தனியாக 42 கி.மீ. ஓடிப் பார்க்கும் ‘சேலஞ்ச்’ வேண்டாம் என்பதற்கும் இதுதான் காரணம். நெஞ்சுவலி, மயக்கம், குடும்பத்தில் இளவயது இதய மரணம் என்று எதாவது இருந்தால், பதிவு செய்யும் முன் டாக்டரைப் பார்ப்பது கட்டாயம்.

பலர் கவனிக்காத ஆபத்து தண்ணீர். குறைவாகக் குடித்தால் மட்டுமல்ல, அதிகமாகக் குடித்தாலும்! 2002 பாஸ்டன் மாரத்தானில் பரிசோதிக்கப்பட்டவர்களில் 13 சதவீதம் பேருக்கு ரத்தத்தில் சோடியம் குறைந்திருந்தது. தாகத்துக்குக் குடித்தால் போதும். வலி வராமல் இருக்க முன்கூட்டியே மாத்திரை போடும் பழக்கமும் வேண்டாம். நீர் வற்றிய உடம்பில் ஐப்யூபுரூஃபன் போன்றவை சிறுநீரகத்தைச் சிரமப்படுத்தும்.

சென்னைக்கென்று ஒரு தொல்லை உண்டு. ஜனவரி விடிகாலை குளிர்ச்சிதான், ஆனால் கடற்கரை ஈரப்பதத்தில் வியர்வை ஆவியாகாது. உடம்பு சூடு வெளியேறாது. திருவண்ணாமலையில் எடுத்த வேகத்தை அங்கே அப்படியே எதிர்பார்க்கக் கூடாது.

செலவும் பேச வேண்டியதுதான். என்ட்ரி ஃபீஸ், ஷூ, முந்தின நாளே போய்த் தங்கும் ரூம். அதைவிடப் பெரியது நேரம்: நாலைந்து மாதம், வாராவாரம் ஞாயிறு காலை நீண்ட ஓட்டம். நைட் ஷிஃப்ட் முடித்துவிட்டு நாலு மணி நேரத் தூக்கத்தில் இதைச் செய்தால் லாபத்தைவிட காயம்தான் மிஞ்சும்.

அதனால் புதியவர்களுக்கு ஹாஃப் மாரத்தான்தான் சரியான இலக்கு. 21.1 கி.மீ., அதாவது ஒன்றரைச் சுற்று. ஆரோக்கியப் பலனில் பெரும்பகுதி இந்தப் பயிற்சியிலேயே கிடைத்துவிடும், ‘சுவர்’ வரை போகவும் வேண்டாம். முதலில் ஒரு சுற்றை நடந்தும் ஓடியும் முடியுங்கள், வாரந்தோறும் கொஞ்சம் கொஞ்சமாகத் தூரத்தைக் கூட்டுங்கள். பௌர்ணமி நாளில் அந்தப் பக்கமே ஓடப் போகாதீர்கள், கால் வைக்க இடமிருக்காது. செங்கம் சாலைப் பகுதியில் பஸ், லாரி உண்டு என்பதால் விடிகாலையில் பளிச்சென்று தெரியும் சட்டை நல்லது.

இன்னொன்று: ராஜகோபுரத்தில் கிளம்பி ஒன்றரைச் சுற்று ஓடினால், மலைக்குப் பின்பக்கம் ஏழு கி.மீ. தள்ளி நிற்பீர்கள். திரும்பி வர ஆட்டோ காசு பாக்கெட்டில் இருக்கட்டும்.