கிட்டார், வேன், காணிக்கை வாளி

அமெரிக்காவில் ஊர் ஊராகப் போய்ப் பாடும் இசைக்குழுவின் பேருந்தில் புதிதாக ஏறுகிறவருக்கு முதலில் சொல்லித்தருவது, எப்படிப் படுக்க வேண்டும் என்பதை. கால் வண்டியின் முன்பக்கம் இருக்க வேண்டும், தலை பின்பக்கம். நடு ராத்திரியில் ஓட்டுநர் திடீர் பிரேக் போட்டால் தூங்குகிறவரின் உடம்பு முன்னால் சரியும். கால் போய் மோதினால் எலும்பு முறிவோடு தப்பிக்கலாம். தலை மோதினால் கழுத்து தாங்காது. ரயில் பெர்த் மாதிரி அடுக்கடுக்காகப் பன்னிரண்டு படுக்கைகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு திரைச்சீலை. கழிவறையில் சிறுநீர் மட்டும்தான் கழிக்கலாம், மற்றதற்கு அடுத்த பெட்ரோல் பங்க் வரும்வரை பொறுக்க வேண்டும். சுவிசேஷம் பாடுகிற ராக் குழுவாக இருந்தாலும் இந்த விதிகளில் சலுகை கிடையாது.

இந்தப் பேருந்துகூட ஓரளவு பெயர் வாங்கியவர்களுக்குத்தான். வளர்ந்துவரும் குழுவுக்குப் பதினைந்து பேர் உட்காரும் வேன், அதன் வாலில் டிரம்ஸும் ஸ்பீக்கரும் ஏற்றிய டிரெய்லர். பேருந்து ஓட்டுநரைச் சட்டம் கட்டுப்படுத்துகிறது: பத்து மணி நேரம் ஓட்டிவிட்டால் எட்டு மணி நேரம் ஓய்வெடுத்த பிறகே மறுபடி ஸ்டியரிங்கைத் தொடலாம். சொந்த வேனில் போகும் பையன்களிடம் அப்படிக் கணக்குக் கேட்க ஆள் இல்லை. ஒன்றரை மணி நேரம் தொண்டை கிழியப் பாடியவரே விடியும்வரை ஓட்டுவார். அந்த வேனிலும் ஓர் ஆபத்து இருக்கிறது. பத்துப் பேரோ அதற்கு மேலோ ஏறினால் அது கவிழும் வாய்ப்பு ஏறத்தாழ மூன்று மடங்காகிறது என்று அமெரிக்கச் சாலைப் பாதுகாப்புத் துறை 2001-ல் எச்சரித்தது. பக்திப் பாடகர்கள் பலர் தங்கள் முதல் சில வருடங்களை இப்படி ஒரு வண்டியில்தான் கழித்திருக்கிறார்கள்.

மத்தியானம் ஊர் சேர வேண்டும். பெட்டிகளை இறக்கி, மேடை கட்டி, சவுண்ட் செக் முடித்து, அழைத்த சபையார் கொடுக்கும் பீட்சாவைச் சாப்பிட்டுவிட்டு, எல்லோரும் வட்டமாக நின்று ஜெபம் பண்ணுவார்கள். பிறகு நிகழ்ச்சி. அது முடிந்ததும் வியர்வை காயாத சட்டையோடு டி-சர்ட்டும் சி.டி.யும் விற்கிற மேசைக்குப் பின்னால் போய் நிற்க வேண்டும். மற்ற ராக் குழுக்களின் நாளும் இப்படித்தான் கழியும். ஆனால் இந்த மேசைக்கு வருகிறவர்கள் கையெழுத்து வாங்குவதோடு போய்விடுவதில்லை. சிலர் அழுவார்கள். வீட்டில் அடி வாங்குவதையும், கையைக் கீறிக்கொள்வதையும், சாகத் தோன்றுவதையும் இருபத்திரண்டு வயது டிரம்மரிடம் சொல்வார்கள். அவருக்கு அதற்கான பயிற்சி ஏதும் இருக்காது. தெரிந்த ஜெபத்தைச் செய்வார், கேட்டுக்கொண்டு நிற்பார்.

அந்தக் கையறுநிலைக்கு ஒரு பதில் 2006-ல் ஃப்ளோரிடாவில் பிறந்தது. போதைக்கும் தற்கொலை எண்ணத்துக்கும் இடையில் தவித்த தோழி ஒருவரின் கதையை ஜேமி ட்வர்கௌஸ்கி என்பவர் எழுதினார். அந்தத் தோழியின் சிகிச்சைச் செலவுக்காக டி-சர்ட் அச்சடித்து விற்றார். சான் டியேகோவைச் சேர்ந்த 'ஸ்விட்ச்ஃபுட்' குழுவின் பாடகர் ஜான் ஃபோர்மன் அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு மேடையேறினார். மற்ற குழுக்களும் கைகொடுக்க, 'டு ரைட் லவ் ஆன் ஹெர் ஆர்ம்ஸ்' என்ற தொண்டு நிறுவனம் உருவானது. பாட்டு விற்ற மேசைகளில் மனநல உதவிக்கான தொலைபேசி எண்களும் இடம்பிடித்தன. ஜெபம் மட்டும் போதாத இடத்தில் மருத்துவரையும் காட்ட வேண்டும் என்ற தெளிவு இந்த இசையுலகத்துக்கு வந்தது பெரிய காரியம்.

அரை நூற்றாண்டுக்கு முன்னால் இப்படிப்பட்ட குழுவைச் சபை வளாகத்துக்குள் விடுவதே அதிசயம். அறுபதுகளின் கடைசியில் கலிபோர்னியாவின் ஹிப்பி இளைஞர்கள் கூட்டம் கூட்டமாக இயேசுவிடம் திரும்பினார்கள். நீள முடியும் வெறுங்காலுமாக வந்தவர்களை வாசலிலேயே நிறுத்திய ஆலயங்கள் உண்டு. கோஸ்டா மேஸா ஊரின் கல்வரி சேப்பலில் போதகர் சக் ஸ்மித் மாதிரி உள்ளே அழைத்தவர்களும் உண்டு. வந்தவர்கள் தங்கள் கிட்டாரையும் கூடவே கொண்டுவந்தார்கள். 1969-ல் லாரி நார்மனின் 'அப்பான் திஸ் ராக்' ஆல்பத்தை கேப்பிட்டல் நிறுவனம் வெளியிட்டது. 1972-ல் இண்டியானாவின் ஃபோர்ட் வேன் நகரில் பாப் ஹார்ட்மன் 'பெட்ரா' குழுவைத் தொடங்கினார். அது 2005 கடைசி வரை ஓயாமல் ஓடியது.

எதிர்ப்பும் கூடவே ஓடியது. டிரம்ஸ் தாளமே பிசாசினுடையது என்று பிரசங்கித்தவர்கள் இருந்தார்கள். மஞ்சளும் கறுப்புமாகக் கோடு போட்ட உடையில் ஹெவி மெட்டல் வாசித்த 'ஸ்ட்ரைப்பர்' குழு, மேடையிலிருந்து புதிய ஏற்பாட்டுப் புத்தகங்களைக் கூட்டத்துக்குள் வீசும். அவர்களுடைய 1986-ஆம் ஆண்டு ஆல்பம் அமெரிக்காவில் மட்டும் பத்து லட்சத்துக்கு மேல் விற்றது. அதற்கு அடுத்த வருடமே டி.வி. பிரசங்கியார் ஜிம்மி ஸ்வாகர்ட், கிறிஸ்தவ ராக் இசையை ஆட்டுத்தோல் போர்த்த ஓநாய் என்று தலைப்பிலேயே சாடி ஒரு புத்தகம் போட்டார். கிளப்பில் வாசித்தால் 'வேதக்காரன்' என்ற கேலி, சபையில் வாசித்தால் 'உலகத்தான்' என்ற கண்டனம். இரண்டு பக்கமும் அடி வாங்கியபடிதான் அந்தத் தலைமுறை ஊர் சுற்றியது.

இன்று தாளத்தைப் பற்றிய சண்டை ஓய்ந்துவிட்டது. ஓயாதது பணத்தைப் பற்றிய கேள்வி.

சுவிசேஷத்துக்கு டிக்கெட் போடலாமா? நம்மூர் கன்வென்ஷன் கூட்டங்களில் காணிக்கைப் பை சுற்றி வருவது போல, தொடக்கக் காலக் குழுக்களுக்குக் காணிக்கைதான் சம்பளம். வாளியில் விழுவதைப் பொறுத்து அன்றைக்கு ஓட்டல் அறையா, விசுவாசி வீட்டுத் தரையா என்பது முடிவாகும். கூட்டம் பெருகியபோது டிக்கெட் வந்தது, ஏஜென்ட் வந்தார், ஒப்பந்தம் வந்தது. இந்த மாற்றத்தை நெஞ்சில் முள்ளாக உணர்ந்தவர் கீத் கிரீன்.

அவர் பியானோக்காரர், சிறுவயதிலேயே பெரிய ரெக்கார்ட் நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டவர். மனம் திரும்பிய பிறகு 1977-ல் வந்த அவருடைய முதல் ஆல்பம் கிறிஸ்தவ இசைச் சந்தையில் பிய்த்துக்கொண்டு போனது. இரண்டே வருடத்தில் அவர் தன் நிறுவனத்திடம் போய், ஒப்பந்தத்திலிருந்து விடுவிக்கச் சொன்னார். இனிக் கச்சேரிக்கு நுழைவுக் கட்டணம் கிடையாது, ஆல்பத்துக்கு விலை கிடையாது. யாரால் எவ்வளவு முடியுமோ அனுப்பட்டும், முடியாதவர்கள் சும்மா வாங்கிக்கொள்ளட்டும் என்றார். 1980-ல் அப்படி வெளியிட்ட ஆல்பத்துக்குத் தன் வீட்டை அடமானம் வைத்துச் செலவு செய்தார். பாப் டிலன் அதில் ஒரு பாட்டுக்கு ஹார்மோனிகா வாசித்திருக்கிறார்.

1982 ஜூலை 28 அன்று, டெக்சாஸின் லிண்டேல் ஊரில் இருந்த தன் ஊழிய வளாகத்தை வானிலிருந்து காட்டுவதற்காக, விருந்தாளியாக வந்த ஒரு தம்பதியையும் அவர்களுடைய ஆறு பிள்ளைகளையும் சிறிய செஸ்னா விமானத்தில் ஏற்றினார். தன் குழந்தைகள் இருவரையும் கூட அழைத்துக்கொண்டார். விமானி உட்படப் பன்னிரண்டு பேர். தாங்கும் எடைக்கு மேல் ஏறியிருந்த விமானம் கிளம்பிய கொஞ்ச நேரத்திலேயே விழுந்தது. யாரும் பிழைக்கவில்லை. கிரீனுக்கு வயது 28.

ரிச் மல்லின்ஸ் வேறொரு வழி பார்த்தார். அவருடைய பாட்டுகள் அமெரிக்கச் சபைகள் எங்கும் ஒலித்தன. பணம் நன்றாகவே வந்தது. ஆனால் எவ்வளவு வந்தது என்று தனக்குச் சொல்லவே கூடாது என்று சபை மூப்பர்களிடம் கேட்டுக்கொண்டார். சாதாரண அமெரிக்கத் தொழிலாளியின் சராசரி வருமானம் எவ்வளவோ அதை மட்டும் சம்பளமாகப் பெற்றுக்கொண்டார்; மிச்சம் தர்மத்துக்குப் போனது. கடைசி வருடங்களில் நவஹோ பழங்குடி மக்களின் பகுதியில் குடியேறி, பிள்ளைகளுக்கு இசை சொல்லிக்கொடுத்தார். 1997 செப்டம்பர் 19 அன்று நிதி திரட்டும் கச்சேரி ஒன்றுக்காக கான்சாஸின் விசிட்டா நகரை நோக்கிப் போகும் வழியில், இல்லினாய் நெடுஞ்சாலையில் அவருடைய ஜீப் கவிழ்ந்தது. சீட் பெல்ட் போட்டிருக்கவில்லை.

இந்த இருவரைப் போல எல்லோரும் வாழ வேண்டும் என்று கேட்பது நியாயமில்லை. ஒலிக்கலைஞருக்கும் ஓட்டுநருக்கும் மாதச் சம்பளம் கொடுத்தாக வேண்டும், வேனுக்கு டயர் மாற்றியாக வேண்டும். ஆனால் கூலிக்கும் காணிக்கைக்கும் நடுவில் கோடு எங்கே என்று அவர்கள் தங்கள் வாழ்க்கையையே வைத்துக் கேட்டுவிட்டுப் போனார்கள். அந்தக் கேள்வியிலிருந்து பின்னால் வந்தவர்கள் தப்ப முடியாது.

இப்போதைய விடைகளில் பெரியது 'வின்டர் ஜாம்'. 'நியூசாங்' என்ற குழு 1995-ல் தொடங்கிய இந்தச் சுற்றுப்பயணத்தில் ஒரே மேடையில் பல குழுக்கள் ஏறும். பல வருடம் அதற்கு முன்பதிவு டிக்கெட் இருக்கவில்லை. வாசலில் பத்து டாலர் கொடுத்தால் போதும் என்றிருந்தது. கூடைப்பந்து அரங்குகள் நிரம்பின. இவ்வளவு மலிவாக எப்படி முடிந்தது? அரங்கில் எடுக்கும் காணிக்கை ஒரு பங்கு. இந்த மாதிரிப் பயணங்களில் பாதி நிகழ்ச்சியில் நடக்கும் இன்னொரு காட்சி மறு பங்கு.

விளக்குகள் கொஞ்சம் ஏறும். பாடகர் மைக்கைப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஒரு நாட்டில் தான் போய்ப் பார்த்த குழந்தையைப் பற்றிப் பேசுவார். தொண்டர்கள் இருக்கை வரிசைகளுக்கு நடுவே கையைத் தூக்கி நிற்பார்கள். கையில் உறைகள். ஒவ்வோர் உறையிலும் ஒரு குழந்தையின் படம், பெயர், பிறந்த தேதி, நாடு. ஓர் உறையை வாங்கிக்கொண்டால், அந்தக் குழந்தையின் படிப்புக்கும் மருத்துவத்துக்கும் மாதாமாதம் பணம் அனுப்ப ஒப்புக்கொண்டதாகப் பொருள். 'கம்பேஷன்' என்ற அமைப்பு பல வருடம் கேட்ட தொகை 38 டாலர். இத்தகைய அமைப்புகள் சுற்றுப்பயணங்களுக்குப் பொருளுதவியும் செய்கின்றன. பேருந்து வாடகையில் ஒரு பகுதி அப்படித்தான் தேறுகிறது. அந்த ஏற்பாட்டை மேடையிலேயே வெளிப்படையாகச் சொல்லிவிடுவது உறை வாங்குகிறவருக்குச் செய்யும் மரியாதை.

அந்த உறைகளில் தமிழ்க் குழந்தைகளின் படங்களும் இருந்தன. 1968 முதல் இந்தியாவில் பணியாற்றிய கம்பேஷனுக்குச் சென்னையிலும் கொல்கத்தாவிலும் கூட்டாளி அமைப்புகள் இருந்தன. மதமாற்றத்துக்கு நிதி போகிறது என்ற சந்தேகத்தில், முன்அனுமதி இல்லாமல் அந்த அமைப்பு இங்கே பணம் அனுப்பக் கூடாது என்று 2016-ல் மத்திய அரசு உத்தரவிட்டது. அமைப்பு அந்தக் குற்றச்சாட்டை மறுத்தது. 2017 மார்ச்சில் இந்தியாவை விட்டே வெளியேறியது. அப்போது பட்டியலில் இருந்த குழந்தைகள் ஏறக்குறைய 1,45,000 பேர். அரசின் சந்தேகத்தைப் பற்றி இரண்டு விதமாகவும் பேசலாம். பாதியில் நின்றுபோன பள்ளிக் கட்டணத்தையும் மதிய உணவையும் பற்றி இரண்டு கருத்து இருக்க முடியாது.

பாடுகிறவரின் உடம்பும் இந்த ஓட்டத்துக்கு விலை கொடுக்கிறது. கென்டக்கியில் கல்லூரி மாணவர்கள் சேர்ந்து தொடங்கிய 'ஆடியோ அட்ரினலின்' குழுவின் பாடகர் மார்க் ஸ்டுவர்ட்டுக்குக் குரல் நாண் பழுதாகிக் குரலே போனது. புகழோடு இருந்த குழு 2007-ல் கலைந்தது. அதற்குள் அவர்கள் ஹெய்ட்டியில் ஆதரவற்ற பிள்ளைகளுக்காக ஓர் இல்லத்தைத் தொடங்கியிருந்தார்கள். ஸ்டுவர்ட்டின் பெற்றோர் அங்கே மிஷனரிகளாக இருந்தவர்கள். மேடை போன பிறகும் அவருக்குச் செய்ய வேலை மிச்சமிருந்தது.

குரலைவிடச் சுலபமாகக் கெடுவது நடத்தை. 1948-ல் கலிபோர்னியாவின் மொடஸ்டோ நகரில் பிரசங்கியார் பில்லி கிரஹாமும் அவரோடு ஊர் சுற்றிய மூவரும் ஓட்டல் அறையில் உட்கார்ந்து, தங்களுக்குத் தாங்களே விதிகள் போட்டுக்கொண்டார்கள். காணிக்கைப் பணத்தில் கவனம், மனைவி அல்லாத பெண்ணோடு தனியே இருப்பதில்லை, கூட்டத்துக்கு வந்தவர்களின் எண்ணிக்கையை ஊதிச் சொல்வதில்லை, உள்ளூர்ச் சபையைப் பழிப்பதில்லை. அந்த நால்வரில் கிளிஃப் பாரோஸும் ஜார்ஜ் பெவர்லி ஷேயும் இசைக்காரர்கள். ராக் குழுக்களுக்கு அப்படிப் பொதுவான விதிப் புத்தகம் எதுவும் அமையவில்லை. 'டிசி டாக்', 'நியூஸ்பாய்ஸ்' குழுக்களில் கோலோச்சிய மைக்கேல் டெய்ட், கொக்கெய்ன், மதுப் பழக்கத்தையும், சிலரை அவர்கள் விருப்பமின்றிப் பாலியல் நோக்கோடு தொட்டதையும் 2025 ஜூனில் தானே அறிக்கை விட்டு ஒப்புக்கொண்டார். ஒரே பேருந்தில், பெரிய நட்சத்திரத்தின் தயவை நம்பி வரும் இளம் கலைஞர் யாரிடம் போய் முறையிடுவார் என்ற கேள்விக்கு இந்தத் துறை இனிமேலாவது விடை வைத்திருக்க வேண்டும். பரிசுத்தத்தைப் பாடுகிறவர்களிடம் அதை எதிர்பார்ப்பது அதிகமில்லை.

சில குழுக்கள் தங்களுக்கான ஒழுங்கைத் தாங்களே அமைத்துக்கொண்டன. 'ஸ்கில்லெட்' குழுவின் ஜான் கூப்பரும் மனைவி கோரியும் ஒரே மேடையில் வாசிக்கிறவர்கள். பிள்ளைகளைக் கூடவே கூட்டிக்கொண்டு, பாடத்தையும் வழியிலேயே படிக்கவைத்து வளர்த்தார்கள். 'காஸ்டிங் கிரவுன்ஸ்' குழுவின் ஏற்பாடு இன்னும் கறார். அதன் பாடகர் மார்க் ஹால் ஜார்ஜியாவில் ஒரு பாப்திஸ்து சபையில் பல வருடம் வாலிபர் ஊழியராக இருந்தவர். குழு உச்சத்தில் இருந்தபோதும் வியாழன் முதல் சனி வரைதான் கச்சேரி. ஞாயிறு காலையும் புதன் மாலையும் அவர் தன் சபைப் பிள்ளைகளுக்கு முன்னால் இருந்தாக வேண்டியிருந்தது. ஆயிரக்கணக்கானோர் கைதட்டிய மறுநாள், தன்னை முழுப் பெயரோடும் குறையோடும் அறிந்தவர்கள் நடுவில் உட்காருகிற ஒழுங்கு அது.

அரங்கு நிரம்பும் குழுவுக்குத்தான் அது கட்டுப்படியாகும். வாரம் மூன்றே நாள் பாடினாலும் ஏழு நாள் வாடகையையும் சம்பளத்தையும் கொடுக்க அவர்களால் முடிகிறது. வேனில் போகிற குழு வீட்டிலிருந்து மூன்று மாநிலம் தள்ளி நிற்கும்போது ஞாயிறு வரும். அன்று யாரோ ஒருவருடைய சபையில் காலை ஆராதனைக்குப் பாட அழைப்புக் கிடைத்தால்தான், செவ்வாய்க்கிழமை ஊர் வரைக்குமான பெட்ரோல் காசு தேறும்.