களிக்குள் இருக்கும் இரண்டாம் கலப்பு

ஊத்தங்கரை வட்டத்துக் கல்லாவி போன்ற மானாவாரி ஊர்களில் கேழ்வரகுக் கொல்லையில் இடையிடையே சால் விட்டு மொச்சை விதைப்பது பழைய வழக்கம். தட்டிலும் அந்த இரண்டும் களியும் குழம்புமாகச் சேர்ந்தே வருகின்றன. இரண்டுமே விதைதான் என்றாலும் நாம் தின்னும் பகுதி வேறு. மொச்சையில் தின்பது செடியாகப் போகும் கருவின் இரண்டு விதையிலைகளை. கேழ்வரகு மாவில் பெரும்பகுதியோ கரு இல்லை. அந்தக் கருவுக்காகத் தாய்ச்செடி கட்டி வைத்த சோறு. கருவூண் என்று பெயர். கரு ஒரு கலப்பில் பிறக்கிறது, கருவூண் இன்னொரு கலப்பில் பிறக்கிறது. ஒரே பூவுக்குள் இரண்டு கலப்பு எதற்கு? சிக்கனத்துக்கு என்பதே பொருத்தமான விடை.

மகரந்தம் பூவில் படுவதையே கருவுறுதல் என்று எண்ணிக்கொள்கிறோம். அது வாசலுக்கு வந்து நிற்பது மட்டுமே. கேழ்வரகுப் பூவின் இறகு போன்ற சூல்முடியில் பெரும்பாலும் அதே பூவின் மகரந்தமே விழுகிறது. விழுந்த மகரந்த மணி ஈரத்தை உறிஞ்சி ஒரு குழாயை நீட்ட, அது இரண்டு ஆண் செல்களைச் சுமந்துகொண்டு சூலை நோக்கி இறங்குகிறது. முட்டைக்குப் பக்கத்திலுள்ள துணைச் செல்கள் சிறு புரதங்களைச் சுரந்து குழாயை அழைப்பதை ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009இல் டொரேனியா என்னும் பூச்செடியில் காட்டினார்கள். குழாய் துணைச் செல் ஒன்றில் புகுந்து வெடித்ததும் ஓர் ஆண் செல் முட்டையோடு கலக்கிறது, அது கரு. மற்றொன்று நடுச் செல்லின் இரண்டு உட்கருக்களோடு கலக்கிறது, அது கருவூண். கேழ்வரகில் கருவுக்கு 36 குரோமோசோம்கள், கருவூணுக்கு 54. இந்த இரட்டைக் கருவுறுதலை லில்லிக் குடும்ப மலர்களில் 1898இல் கண்டு சொன்னவர் செர்கேய் நவாஷின்.

பூக்காத விதைத் தாவரமான சைக்கஸில் முட்டை கருவுறும் முன்பே சூலுக்குள் உணவுத் திசு உருவாகிவிடுகிறது. பிறகு கலப்பு நடக்காமல் போனால் அந்தச் செலவு வீண். பூக்கும் தாவரம் அப்படி முன்பணம் கொடுப்பதில்லை. கலப்பு நடந்த பிறகே கருவூண் வளரத் தொடங்குகிறது. பிள்ளை உண்டானது உறுதியான பின் உலை வைப்பது போல.

மொச்சையில் கருவூண் எங்கே என்று கேட்கலாம். அங்கும் உண்டாகிறது, விதை முற்றுவதற்குள் கரு அதைத் தின்று விதையிலைகளில் சேர்த்துக்கொள்கிறது. ஆர்க்கிட் செடிகளில் கருவூண் வளர்வதே இல்லையே என்பது இன்னும் வலுவான மறுப்பு. ஆனால் அவற்றின் விதை தூசிபோல் நுண்ணியது. முளைக்கும்போது பூஞ்சையிடமிருந்துதான் உணவு பெறுகிறது. கட்டுச்சோறு இல்லாதவன் வழியில் யாரிடமாவது கையேந்த வேண்டும். ஆக, இந்த விதிவிலக்கு கருவூணின் தேவையை மறுக்கவில்லை, அதன் விலையைச் சொல்கிறது.

களத்தில் தூற்றும்போது காற்றோடு போகும் பதரும் இந்தச் சிக்கனத்துக்குச் சாட்சி. எல்லாப் பதரும் கருவுறாததால் வந்ததில்லை. கருவுற்ற பின் மழை ஏமாற்றினாலும் மணி பால் பிடிக்காமல் சாவியாகும். ஆனால் கலப்பே நடக்காத பூவில் உமிக்குள் ஒன்றும் இருக்காது. அந்தப் பூவுக்கென்று செடி மாவு எதையும் செலவிடவில்லை; மிச்சமானது பக்கத்து மணிகளுக்குப் போகலாம். பதர் அத்தனை லேசாக இருப்பது அதனால்தான்.