தலைக்காயமும் இரத்தப் பரிசோதனையும்

தலையில் அடிபட்டவரின் மண்டையோட்டினுள் இரத்தம் கசிகிறதா என்பதை வெளியிலிருந்து பார்த்துக் கூறிவிட இயலாது. 1971 அக்டோபரில், லண்டன் நகரத்து அட்கின்சன் மார்லி மருத்துவமனையில், காட்ஃப்ரே ஹவுன்ஸ்ஃபீல்டு என்பார் அமைத்த இயந்திரம் ஒரு நோயாளியின் மூளையைக் குறுக்குவெட்டாகப் படம் பிடித்தது. நாம் சி.டி. ஸ்கேன் என்று வழங்குவது அதன் வழிவந்ததே.

ஆயினும், அடிபட்டோர் அனைவருக்கும் அப்படம் தேவைதானா? மூளையின் அணுக்கள் சிதையும்போது அவற்றிலுள்ள சில புரதங்கள் இரத்தத்தில் கலக்கின்றன. அவற்றுள் இரண்டை மருத்துவர் அளக்கின்றனர். ஒன்று நரம்பணுக்களிலிருந்து வருவது. மற்றொன்று அவற்றைத் தாங்கி நிற்கும் கிளியா அணுக்களிலிருந்து வருவது. கிளியா என்பது பசை என்று பொருள்படும் கிரேக்கச் சொல். பெயரிட்டவர்கள் அவற்றை வெறும் ஒட்டுப்பொருளென்றே எண்ணினர் போலும்!

2018இல் வெளியான ஆய்வொன்றில், அமெரிக்கா, ஜெர்மனி, ஹங்கேரி நாடுகளில் தலையில் அடிபட்ட 1,959 பேரின் இரத்தம் சோதிக்கப்பட்டது. அவர்களுள் பெரும்பாலோர் இலேசாக அடிபட்டவர். ஸ்கேன் படத்தில் காயம் தென்பட்டவர் 125 பேரே. அவர்களுள் 122 பேரை இரத்தம் காட்டிக் கொடுத்தது, மூவரைத் தவறவிட்டது. காயமில்லை என்று அது கூறியவர் மொத்தம் 671 பேர். இவர்களுக்குக் கதிர்வீச்சும் செலவும் மிஞ்சியிருக்கும். எஞ்சிய 1,288 பேரை அது ஐயுற்றபோதிலும், பெரும்பாலோரின் படம் தெளிவாகவே இருந்தது. ஆகவே இரத்தம் 'இல்லை' என்றால் பெரும்பாலும் நம்பலாம். 'உண்டு' என்றால் படமெடுத்துத்தான் தெளிய வேண்டும்.

கடுங்காயத்தின் கதை வேறு. கண் திறத்தல், பேச்சு, அசைவு ஆகியவற்றை நோக்கி, இன்று 3 முதல் 15 வரை எண்ணிடப்படும் மதிப்பீட்டு முறையொன்றைக் கிளாஸ்கோ நகர மருத்துவர் இருவர் 1974இல் வகுத்தனர். மதிப்பு 8 அல்லது அதற்குக் கீழானால் காயம் கடுமையானது. மூளையை நெருக்கும் இரத்தக்கட்டியைக் காலத்தில் அகற்றினால் உயிர் தப்பும். எனவே இத்தகையவருக்கு இரத்தப் பரிசோதனையின் முடிவை எதிர்நோக்கிக் காத்திருத்தல் ஆகாது; உடனே ஸ்கேன் எடுக்க வேண்டும்.

அதன் பின்னரும் இரத்தத்துக்கு ஒரு பணி உண்டு. நுண்ணிய நரம்பிழைகள் அறுந்தால் சி.டி. படத்தில் பெரும்பாலும் தெரியாது. படமோ தெளிவு, நோயாளியோ விழிக்கவில்லை. அந்நிலையில் எம்.ஆர்.ஐ. படம் வேண்டுமா என்று எண்ணும் மருத்துவருக்குப் புரத அளவு துணை நிற்கக்கூடும். 2019இல் வெளியான அமெரிக்க ஆய்வில், சி.டி. படம் தெளிவாயிருந்த 450 பேரில் 120 பேருக்கு எம்.ஆர்.ஐ.யில் காயம் தென்பட்டது. கிளியாப் புரதம் மிகுந்திருந்தோரிடமே அது அதிகம். அவர்களுள் மிகப் பலர் இலேசாக அடிபட்டவர் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இப்பரிசோதனை எல்லா மருத்துவமனைகளிலும் கிடைப்பதன்று. கிடைக்குமிடத்திலும் அடிபட்ட நேரம் தெரியாவிடில் அளவுக்குப் பொருள் காண்பது கடினம். நரம்பணுப் புரதம் சுமார் 8 மணி நேரத்திலும், கிளியாப் புரதம் சுமார் 20 மணி நேரத்திலும் உச்சத்தை எட்டுகின்றன. மொழி பழகாத ஊரில் உறவினரை மருத்துவமனையில் சேர்க்கும் நேயர்கள் அந்நேரத்தை ஒரு தாளில் எண்ணால் எழுதி மருத்துவரிடம் கொடுக்கலாம். இரத்தம் உறையாதிருக்க அவர் மாத்திரை உண்பவராயின் அதன் பெயரையும் உடன் எழுதலாம்.