கேரவனை நகர்த்தும் மோட்டார்: வாங்கும் முன் போட வேண்டிய மூன்று கணக்குகள்

கேரவன் என்றதும் நம்மில் பலருக்கு நினைவுக்கு வருவது, படப்பிடிப்புத் தளத்தில் நடிகர்கள் ஓய்வெடுக்கும் சொகுசு வண்டிதான். பிரிட்டனில் அந்தச் சொல்லுக்குப் பொருள் வேறு. காரின் பின்னால் மாட்டி இழுத்துச் செல்லும் சக்கர வீடு அது. படுக்கை, அடுப்பு, குளிர்பெட்டி, கழிவறை எல்லாம் உள்ளேயே இருக்கும். பள்ளி விடுமுறை தொடங்கியதும் ஸ்காட்லாந்து ஏரிக்கரைக்கோ கார்ன்வால் கடற்கரைக்கோ குடும்பத்தோடு கிளம்பிவிடுவார்கள்.

மலேசியாவிலிருந்தும் சிங்கப்பூரிலிருந்தும் படிக்கப் போய் அங்கேயே குடியேறிய நம்மவர்கள் நிறைய பேர். அவர்களில் கேரவன் ஆசை உள்ளவர்களுக்கு ஒரு தடை நீங்கியிருக்கிறது. 1997 முதல் கார் உரிமம் பெற்றவர்கள், கனமான கேரவனை இழுக்கத் தனியாக ஒரு தேர்வில் தேற வேண்டியிருந்தது. 2021 டிசம்பர் 16 முதல் அது தேவையில்லை. சாதாரண பிரிட்டிஷ் கார் உரிமத்திலேயே, காரின் இழுதிறன் இடம் கொடுத்தால், 3,500 கிலோ வரை இழுக்கலாம்.

சாலையில் இழுக்கக் கார் இருக்கிறது. சிக்கல் வருவது வீட்டு வாசலில். குறுகலான தெரு, அதைவிடக் குறுகலான வாசல். காரைக் கழற்றிவிட்டால் ஒன்றரை டன் எடை நம் கையில் நிற்கும். நல்ல சமதளத்தில் அதை நகர்த்த ஏறக்குறைய 25, 30 கிலோ அளவுக்கு அழுத்தித் தள்ளினால் போதும். வாசல் பத்துக்கு ஒன்று என்று சரிந்திருந்தால், இன்னும் 150 கிலோ விசை கூடுதலாக வேண்டும். கணவனும் மனைவியும் சேர்ந்து தள்ளினாலும் முடியாது. பாதியில் கை நழுவினால் வண்டி பின்னால் நிற்பவர் மீது உருண்டு வரும். முதுகு வலியைவிடப் பெரிய ஆபத்து அதுதான்.

இதற்குத்தான் ‘மோட்டார் மூவர்’ என்ற கருவி. கேரவனின் அடிச்சட்டத்தில், ஒவ்வொரு சக்கரத்தின் அருகிலும் ஒரு மின்மோட்டாரையும் உருளையையும் பொருத்துவார்கள். உருளை டயரை அழுத்திப் பிடித்துச் சுழல, சக்கரம் நகரும். கேரவனுக்குள் இருக்கும் 12 வோல்ட் பேட்டரியே இதற்கு மின்சாரம் தருகிறது. கையில் ஒரு ரிமோட். ஒரு சக்கரத்தை முன்னும் மற்றதைப் பின்னும் சுழற்றினால், வண்டி நின்ற இடத்திலேயே திரும்பும். வேகம் நிமிடத்துக்குப் பத்து மீட்டர் அளவுதான். அந்த நிதானமே பாதுகாப்பு.

ஜெர்மனியின் துரூமா, ஆல்கோ முதல் மலிவான தயாரிப்புகள் வரை சந்தையில் பல உண்டு. சில நூறு பவுண்டிலிருந்து இரண்டாயிரத்துக்கு மேலும் விலை போகிறது. கடைக்காரர் காட்டும் பளபளப்பான ரிமோட்டைப் பார்த்து முடிவெடுக்காமல், வீட்டிலேயே மூன்று கணக்குகளைப் போட்டுக்கொண்டு போங்கள்.

முதல் கணக்கு: எடை

கேரவனின் கதவருகே எடைத் தகடு இருக்கும். சாமான்களோடு சேர்த்து வண்டி அதிகபட்சம் எவ்வளவு எடை இருக்கலாம் என்பது அதில் இருக்கும். மூவரின் திறன் அந்த எடைக்கு ஈடுகொடுக்க வேண்டும். வெறும் வண்டியின் எடையை வைத்து வாங்கக் கூடாது.

இதே தகட்டில் பலர் கவனிக்காத இன்னொரு கணக்கும் இருக்கிறது. உச்ச எடை 1,500 கிலோ, வெறும் வண்டி 1,350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். சாமான் ஏற்ற 150 கிலோதான் மிச்சம். மூவரே 30 கிலோவுக்கு மேல் இருந்தால், கையில் இருப்பது 120 கிலோவுக்கும் குறைவு. ஈய அமில பேட்டரி ஒன்று 25 கிலோ அளவு இருக்கும். அதை வெறும் வண்டி எடையில் சேர்த்திருக்கிறார்களா என்று கையேட்டில் பாருங்கள். பிறகு முன்கூடாரம், நாற்காலிகள், பிள்ளைகளின் சைக்கிள், அரிசி மூட்டை எல்லாம் அந்த மிச்சத்துக்குள் அடங்க வேண்டும். எடை மீறினால் அபராதம் மட்டுமல்ல, விபத்து நேர்ந்தால் காப்புறுதி இழப்பீட்டிலும் சிக்கல் வரலாம்.

இரண்டாம் கணக்கு: சரிவு

‘கொஞ்சம்தான் ஏற்றம்’ என்று கண்ணால் மதிப்பிட வேண்டாம். ஒரு மீட்டர் நீளமுள்ள நேரான பலகையின் ஒரு முனையைத் தரையில் வையுங்கள். மேலே ரசமட்டம் வைத்து, பலகை மட்டமாகும்வரை மறுமுனையைத் தூக்குங்கள். அந்த முனைக்கும் தரைக்கும் உள்ள இடைவெளி எத்தனை சென்டிமீட்டரோ, சரிவு அத்தனை விழுக்காடு. வாசலில் மிகச் செங்குத்தான இடத்தில் அளக்க வேண்டும். மூவரின் விவரத்தாளில், எந்த எடையோடு எத்தனை விழுக்காடு ஏறும் என்று இரண்டையும் சேர்த்துப் படியுங்கள். சரளைக்கல்லும் ஈரப்புல்லும் இருந்தால் இன்னும் தாராளமான திறன் வேண்டும். நாலு சக்கரக் கேரவனை இரு மோட்டாரால் நகர்த்தலாம். ஆனால் குறுகிய இடத்தில் திருப்ப நாலு மோட்டார் உள்ளதே வசதி.

மூன்றாம் கணக்கு: பேட்டரி

சமதளத்தில் சில பத்து ஆம்பியரில் நகரும் மூவர், ஏற்றத்தில் நூறு ஆம்பியருக்கு மேல் இழுக்கலாம். பழைய பேட்டரி பாதி ஏற்றத்தில் கைவிட்டுவிடும். எடை குறைவு என்று லித்தியம் பேட்டரிக்கு மாறுபவர்கள், அது ஒரே நேரத்தில் எத்தனை ஆம்பியர் தர அனுமதிக்கும் என்பதைக் கேட்டே வாங்க வேண்டும். அந்த வரம்பைத் தாண்டினால் உள்ளே இருக்கும் பாதுகாப்புச் சுற்று மின்சாரத்தைத் துண்டித்துவிடும்.

பொருத்தும்போதும் ஓட்டும்போதும்

உருளையைக் கையால் நெம்பி டயரோடு சேர்க்கும் வகை விலை குறைவு. பொத்தானை அழுத்தினால் தானே சேர்வது வயதானவர்களுக்கு ஏற்றது; மழையிலும் சேற்றிலும் குனிய வேண்டியதில்லை. ஆல்கோ அடிச்சட்டத்தில் துளையிடக் கூடாது என்பது அந்நிறுவனத்தின் விதி. கவ்விகள் வைத்துத்தான் பொருத்த வேண்டும். எனவே அனுபவமுள்ள பணியாளரிடம் விடுவதே நல்லது. டயரில் காற்று குறைந்தால் உருளை வழுக்கும். புது டயர் மாற்றினால் இடைவெளியைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும்.

வீட்டில் யார் ரிமோட் பிடித்தாலும் வரிசை மாறக் கூடாது. முதலில் கைப்பிரேக்கைப் போட்டு, உருளையை டயரோடு சேர்த்து, பிறகு காரைக் கழற்றி, கடைசியில்தான் கைப்பிரேக்கை விட வேண்டும். நிறுத்தியதும் கைப்பிரேக்கைப் போட்ட பின்பே உருளையை விலக்க வேண்டும். பயணம் புறப்படும் முன் உருளை டயரை விட்டு விலகியிருக்கிறதா என்று நேரில் குனிந்து பாருங்கள். அப்படியே இழுத்தால் டயரும் மூவரும் கெடும். வண்டி நகரும்போது பிள்ளைகள் அருகில் நிற்கக் கூடாது.

கேரவனைச் சமதளமான வாடகைக் கிடங்கில் நிறுத்தி, காராலேயே உள்ளே தள்ளிவிட முடிகிறவர்களுக்கு மூவர் தேவையில்லை. அவர்களுக்கு அந்த 30 கிலோவும் பணமும் மிச்சம். வாசல் சரிந்திருப்பவர்கள் எடை, சரிவு, பேட்டரி என்ற மூன்று எண்களையும் ஒரு தாளில் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகட்டும். அந்த எண்களுக்குப் பதில் சொல்லத் தெரிந்த கடைக்காரரிடமே வாங்கட்டும்.