வீட்டில் ஒரு பில்லியர்ட்ஸ் மேசை

விளையாட்டுக்களுள் சில திறந்த வெளியை வேண்டுவன; சில ஓர் அறையின் நான்கு சுவர்களுக்குள்ளே அடங்கிவிடுவன. திறந்த வெளி விளையாட்டுக்கு மழை பகை என்பதை மலைநாட்டார் நன்கறிவர். பல்லேகல சர்வதேசக் கிரிக்கெட் அரங்கில் 2010 டிசம்பரில் நடைபெற்ற முதலாவது டெஸ்ட் போட்டியே மழையின் குறுக்கீட்டால் வெற்றி தோல்வியின்றி முடிந்தது. கூரையின் கீழ் ஆடப்பெறும் பில்லியர்ட்ஸுக்கு அத்தகைய தொல்லை இல்லை எனப் பலர் கருதுவர். உண்மை வேறு. மழை அந்த அறைக்குள் துளியாக வருவதில்லை, ஈரமாக வருகின்றது. மரத்துள் புகுகின்றது, கம்பளித் துணியில் தங்குகின்றது, சில இடங்களில் தரையின் அடியிலுள்ள மண்ணையே தளர்த்துகின்றது. ஆகவே, கண்டியைச் சூழ்ந்த ஊர்களில் தம் இல்லத்தில் பில்லியர்ட்ஸ் மேசை ஒன்றை அமைக்க விரும்புவோர், அதனை நிறுத்தும் முறையையும் பேணும் முறையையும் முன்னரே அறிந்துகொள்ளல் நன்று.

இவ்விளையாட்டு நம்மவர்க்கு அந்நியமானதன்று. இதன் கிளையாகிய ஸ்நூக்கர் 1875 ஆம் ஆண்டில் இந்தியாவின் ஜபல்பூரில், நெவில் சேம்பர்லேன் என்ற படை அதிகாரியால் தொடக்கப்பெற்றது. பிற்காலத்தில் பிரித்தானியப் பிரதமராக விளங்கியவர் அதே பெயருடைய வேறொருவர். ஸ்நூக்கரின் விதிகள் 1882 இல் உதகமண்டலக் கழகத்தில் எழுதி வைக்கப்பெற்றன. நம் நாட்டவரான எம். ஜே. எம். லாபிர் 1973 இல் பம்பாயில் நடைபெற்ற உலக அமெச்சூர் பில்லியர்ட்ஸ் போட்டியில் வாகை சூடினார்.

கழகங்களில் காணப்படும் முழு அளவு மேசை 12 அடி நீளமானது. ஒரு தொன்னுக்கு மேற்பட்ட நிறையுடையது. அது சாதாரண இல்லங்களுக்கு ஏற்றதன்று. ஆறு பைகளும், பதினைந்து நிறப் பந்துகளும், ஒரு வெள்ளைப் பந்தும் கொண்ட 7 அடி அல்லது 8 அடி மேசையே வீட்டுக்குப் பொருத்தமானது.

மேசையைப் பார்ப்பவர் கண்ணில் முதலிற் படுவது துணி. ஆயினும் மேசையின் உயிர்நிலை துணியின் கீழ் மறைந்து கிடக்கும் கற்பலகையே. முற்காலத்தில் மரப்பலகையின் மேல் துணி விரித்து ஆடினர். மரம் வளைந்தபோதெல்லாம் பந்தும் வழி தவறியது. 1826 அளவில் இலண்டனில் தேஸ்ற்றன் நிறுவனத்தார் சிலேட்டுக் கல்லைப் பயன்படுத்தத் தொடங்கினர். கல் ஈரத்தால் பருப்பதில்லை. வெப்பத்தால் எளிதில் வளைவதுமில்லை. இன்று மலிவாகக் கிடைக்கும் சில மேசைகளில் மரத்தூளை அழுத்திச் செய்த பலகையே உள்ளது. அக்டோபர் முதல் டிசம்பர் வரை மழை ஓயாத பகுதியில் அத்தகைய பலகை ஈரமுண்டு உப்பிவிடும். ஒருமுறை உப்பியதை மீண்டும் சமப்படுத்துதல் அரிது. ஆதலால், புதிய மரத்தூள் மேசையினும் பழைய கல் மேசை மேலானது.

அடுத்து இடத்தைக் கருதவேண்டும். மேசையின் அளவை மட்டும் பார்த்து அறையைத் தேர்ந்தவர் பின்னர் வருந்துவர். ஆடுகோலின் நீளம் ஏறத்தாழ 58 அங்குலம். 8 அடி மேசையில் பந்தோடும் பரப்பு 88 அங்குல நீளமும் 44 அங்குல அகலமும் உடையது. நான்கு புறமும் ஒரு கோலின் நீளத்தைச் சேர்த்தால், அறை குறைந்தது 17 அடி நீளமும் 13 அடி 4 அங்குல அகலமும் கொண்டிருத்தல் வேண்டும். கையைப் பின்னிழுக்க மேலும் சில அங்குலம் இருப்பின் நன்று. ஒரு மூலையில் மட்டும் தூண் இடையூறு செய்யுமாயின், 48 அங்குலக் குறுங்கோல் ஒன்றை அவ்விடத்துக்கெனவே வைத்துக்கொள்ளலாம்.

மலைச்சரிவில் கட்டப்பெற்ற வீடுகளுக்கு உரிய எச்சரிக்கை ஒன்றுண்டு. சரிவின் மேற்புறத்தை வெட்டி, அம்மண்ணைக் கீழ்ப்புறத்தில் நிரப்பித் தளம் அமைப்பது இங்கு வழக்கம். வெட்டிய நிலம் உறுதியாக நிற்கும். நிரப்பிய மண்ணோ மழைக்கு மழை சிறிது சிறிதாக இறங்கக்கூடும். கற்பலகை மேசை நானூறு கிலோகிராமை நெருங்கும். அதன் இரு கால்கள் உறுதியான தரையிலும், இரு கால்கள் இறங்கும் தரையிலும் நின்றால் மட்டம் ஒருபோதும் நிலைக்காது. எனவே மேசையை வெட்டிய நிலத்தின் மேலுள்ள அறையில், சீமெந்துத் தரையில் அமைத்தலே தக்கது. மரத்தளமிட்ட மேல்மாடியில் வைத்தலைத் தவிர்க்க.

இனி நிறுத்தும் முறை. முதலிற் கால்களையும் மரச்சட்டத்தையும் பூட்டி, உரிய இடத்தில் வைக்கவேண்டும். கல் ஏற்றிய பின் மேசையை இழுத்தல் ஆகாது. கால் முறியும், கல் வெடிக்கும். சட்டத்தின் மட்டத்தை மேசன்மார் கையாளும் தண்ணீர்க் குழாயினாலேயே பார்த்துவிடலாம். குமிழியின்றி நீர் நிரப்பிய தெளிவான குழாயின் இரு முனைகளையும் சட்டத்தின் இரு கோடிகளில் பிடித்தால், நீர் இரு முனைகளிலும் ஒரே உயரத்தில் நிற்கும். எக்கோடி தாழ்ந்துள்ளதோ, அக்காலின் கீழ் கடின மரத்துண்டோ உலோகத் தகடோ வைத்து உயர்த்துக.

பின்னர் கற்பலகைகள். அவை பெரும்பாலும் மூன்று துண்டுகளாக வரும். ஒவ்வொன்றும் ஓரங்குல அளவு தடிப்புள்ளது. ஒரு துண்டைத் தூக்க மூவர் அல்லது நால்வர் வேண்டும். இவ்வேலையைத் தனியே செய்ய முயல்வது வீரமன்று, விபத்தை அழைப்பதாகும். நடுத்துண்டை முதலில் வைத்து, இரு பக்கத் துண்டுகளையும் அதனோடு பொருத்துக. மட்டக்கோலை நீளம், அகலம், மூலைவிட்டம் ஆகிய மூன்று திசைகளிலும் வைத்துப் பார்க்கவேண்டும். தாழ்ந்த இடத்தில் கல்லுக்கும் சட்டத்துக்கும் இடையே பழைய விளையாட்டுச் சீட்டுக்களைச் செருகி உயர்த்துவது கைதேர்ந்த தொழிலாளரும் கையாளும் முறையாகும். போட்டி விதிகள் நீளவாக்கில் அங்குலத்தின் ஐம்பதில் ஒரு பங்குக்கும், அகலவாக்கில் நூறில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட பிழையை ஏற்பதில்லை. ஒரு சீட்டின் தடிப்பு அதனை ஒத்தது என்றால், சீட்டின் பயன் விளங்கும். கற்கள் கூடும் கோட்டில் விரல் நுனியால் தடவினால் மேடு பள்ளம் தெரிதல் கூடாது. திருகாணிகளை இறுக்கிய பின், உருக்கிய தேன்மெழுகை அக்கோட்டில் ஊற்றி, ஆறியதும் மெல்லிய தகட்டால் சுரண்டிச் சமப்படுத்துக.

துணியை விரிக்குமுன் கல்லின் மேல் ஒரு மணலும் இல்லாதவாறு துடைத்தல் வேண்டும். மயிர்ப்படிவுள்ள துணியாயின், கையால் தடவும்போது வழுவழுப்பாகச் செல்லும் திசை, ஆட்டம் தொடங்கும் முனையிலிருந்து எதிர்முனையை நோக்கி அமையவேண்டும். முதலில் ஒரு குறும்பக்கத்தைப் பிணைத்து, எதிர்ப்பக்கத்தைச் சீராக இழுத்து, நெடும்பக்கங்களை நடுவிலிருந்து மூலைகளை நோக்கி இறுக்குக. மழை நாளில் இவ்வேலை செய்யற்க. ஈரமுண்ட கம்பளி அப்பொழுது இறுக்கமாகத் தோன்றியும், பின்னர் தன்னியல்பு மாறிச் சீர்கெடும். ஜனவரி முதல் மார்ச் வரையுள்ள வறண்ட நாட்களே தகுந்தவை.

இறப்பர் பொருத்திய விளிம்புச் சட்டங்கள் இறுதியில் பூட்டப்பெறும். பந்தின் குறுக்களவு 2¼ அங்குலம். இறப்பரின் முனை மேசையிலிருந்து ஏறத்தாழ 1 7/16 அங்குல உயரத்தில் இருத்தல் வேண்டும். தாழ்ந்தால் பந்து துள்ளும். உயர்ந்தால் பந்து அழுத்தப்பட்டு வேகம் இழக்கும். திருகுகள் யாவும் ஒரே அளவு இறுக்கப்பெறாவிடின், ஓரிடத்தில் பந்து உயிரோடும் இன்னோரிடத்தில் உயிரின்றியும் திரும்பும். நன்கமைந்த மேசையில் நீளவாக்கில் உறுதியாக அடித்த பந்து நான்கு முறையேனும் மேசையின் முழு நீளத்தைக் கடக்கும்.

மேசை அமைந்துவிட்டது, வேலை முடிந்ததா? இல்லை. முதல் ஆண்டில் மரமும் தரையும் தம் நிலைக்கு வந்து அடங்கும். முதல் மாத முடிவிலும், பின்னர் ஒவ்வொரு மழைக்காலத்தின் முடிவிலும் மட்டத்தைப் பார்த்தல் வேண்டும். இதற்கு ஓர் எளிய சோதனையுண்டு. பந்தொன்றை மிக மெதுவாக உருட்டி, அது எப்பக்கம் சாய்கிறது என நோக்குக. அதே வழியில் எதிர்த்திசையிலும் உருட்டுக. இரு முறையும் அறையின் ஒரே புறத்துக்குச் சாயுமாயின் மேசை கோணல். வெவ்வேறாகச் சாயுமாயின் வேறு பந்தொன்றைக் கொண்டு பார்க்க. குற்றம் பந்தினுடையதாகவும் இருக்கலாம்.

ஒவ்வொரு நாள் ஆட்டத்தின் பின்னும் துணியை மென்மையான தூரிகையால் ஒரே திசையில் நீளவாக்கில் துலக்குக; முன்னும் பின்னுமாகத் தேய்த்தல் கூடாது. கோல்முனையில் பூசும் சோக்கு வெறும் சுண்ணாம்பன்று. மணலை ஒத்த கடுந்துகள் கலந்தது. அது துணியில் தங்கினால் இழைகளை அறுக்கும். பந்துகளை இளஞ்சூடான நீரில் மென்மையான சோப்பிட்டுக் கழுவி, முற்றாக உலர்த்தியே மேசையில் இடுக. மேசையைப் பருத்தித் துணியால் மூடுக. பிளாஸ்டிக் உறை ஈரத்தை உள்ளே சிறைப்படுத்தும். மழை பெய்கையில் சாளரங்களை அடைத்து, உலர்ந்த நண்பகலில் திறந்து காற்றோட்டம் அளிக்கவேண்டும். ஆனால் வெயில் மேசையின் மேல் நேரே விழுதலாகாது. கோல்களை ஈரச் சுவரில் சாய்த்து வைத்தால் வளைந்துவிடும். அவற்றுக்கென ஒரு நிலைச்சட்டம் வேண்டும். கால்களின் அடியில் கறையான் புற்றுத் தடம் உண்டோ எனவும், துணியின் ஓரங்களில் அந்துப்பூச்சி உண்டோ எனவும் மாதம் ஒருமுறை நோக்குதல் சாலும்.

இத்துணைச் சிரமமும் ஒரு பொழுதுபோக்குக்காகவா என நேயர்கள் வினவக்கூடும். கோணலான மேசையில் ஆடுவோர் இருவருள் ஒருவர் வீட்டுக்காரர். அவர் எந்த மூலைக்குப் பந்து சாயும் என்பதைப் பழக்கத்தால் அறிவார். மற்றவர் விருந்தினர், அவர் அறியார். அவ்வறிவினால் கிடைக்கும் வெற்றி திறமையின் வெற்றியன்று. அதனினும் வருந்தத்தக்கது, ஆட்டம் பயிலும் சிறுவரின் நிலை. பந்து தவறும்போதெல்லாம் தம் கையே பிழைத்தது என அவர்கள் எண்ணுவர். சரியான அடியைக் கைவிட்டு, மேசையின் பிழைக்கு ஏற்பத் தம் கையைத் திருத்திக்கொள்வர். பின்னர் நல்ல மேசையில் ஆட நேர்ந்தால் அக்கை உதவாது. ஆடுவோர் எவராயினும் ஒரே அடிக்கு ஒரே பயனை அளிப்பதே மேசையின் கடமை. அக்கடமையை அது ஆற்றுமாறு பார்த்துக்கொள்வது, ஆண்டில் சில மணி நேர உழைப்பையே இல்லத்தாரிடம் வேண்டுகின்றது.