திருநாளோடு வரும் இலக்கணம்

ஆங்கில இலக்கணப் பாடவேளை என்றதுமே நம் மாணவியர் பலருடைய முகம் வாடிவிடுகிறது. டிசம்பர் மாதத்தில் இந்த வாட்டம் இன்னும் அதிகம். ஒரு பக்கம் அரையாண்டுத் தேர்வு. மறு பக்கம் நட்சத்திரம் கட்டுவதும், குடில் ஜோடிப்பதும், பாட்டு ஒத்திகையும். மனம் எங்கேயோ இருக்க, கரும்பலகையில் விதிகளை எழுதி என்ன பயன்? மனம் இருக்கும் இடத்திற்கே இலக்கணத்தையும் அழைத்துச் சென்றால் என்ன என்று ஆங்கில ஆசிரியைகளாகிய நாங்கள் எண்ணினோம். செய்து பார்த்தவற்றுள் நல்ல பயன் தந்த சிலவற்றை இங்கே தருகிறோம்.

முதலில் ஓர் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். நம் பிள்ளைகள் ஆங்கிலத்தில் செய்யும் பிழைகள் பலவும் கவனக் குறைவால் வருபவை அல்ல. தாய்மொழியின் இலக்கணம் நாவில் ஊறியிருப்பதால் வருபவை. "வீட்டில்", "சுவரில்", "வாசலில்" என்று மூன்று இடத்திற்கும் தமிழில் ஒரே "இல்" போதும். ஆங்கிலமோ வீட்டுக்கு "இன்", சுவருக்கு "ஆன்", வாசலுக்கு "அட்" என மூன்று சொற்களைக் கேட்கிறது. அதுவும் தமிழில் பெயருக்குப் பின்னால் ஒட்டிக்கொள்ளும் உருபு, அங்கே பெயருக்கு முன்னால் தனித்து நிற்கிறது. பிள்ளை தடுமாறாமல் என்ன செய்வாள்?

இந்தத் தடுமாற்றத்திற்கு நல்ல மருந்து கிறிஸ்மஸ் குடில். 1223-ம் ஆண்டு இத்தாலியில் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசியார் உயிருள்ள மாட்டையும் கழுதையையும் நிறுத்திக் குடில் அமைத்தார். பெத்லகேமில் நடந்ததைக் கண்ணால் காண வேண்டும் என்பதே அவருடைய ஆவல். கண்ணால் கண்டது மனத்தில் நிற்கும் என்பது இலக்கணத்திற்கும் பொருந்தும். மேசைமீது ஓர் அட்டைப் பெட்டி, கொஞ்சம் வைக்கோல், சிறு சுரூபங்கள் இருந்தால் போதும். ஒருத்தி குடிலுக்கு முதுகு காட்டி நின்று, ஆங்கிலத்தில் கட்டளையிட வேண்டும். "புட் த ஸ்டார் அபவ் த ரூஃப்", "புட் த ஷீப் பிஹைண்ட் த ஷெப்பர்ட்" என்று அவள் சொல்லச் சொல்ல, மற்றொருத்தி சொன்னது சொன்னபடியே வைக்க வேண்டும். சொல் தவறினால் ஆடு கூரைமேல் ஏறிவிடும். வகுப்பே சிரிக்கும்; பிழையும் தானாகவே விளங்கிவிடும்.

இந்த விளையாட்டில் நடந்த ஒன்றை நாங்கள் மறப்பதற்கில்லை. ஐந்தாம் வகுப்புவரை தமிழில் படித்துவிட்டு வந்த ஒரு மாணவி, ஜூன் முதல் ஆங்கில வகுப்பில் வாயே திறந்ததில்லை. கேள்வி கேட்டால் தலை குனிந்துகொள்வாள். குடில் பாடத்தன்று யாரோ ஆட்டுக்குட்டியைத் தீவனத் தொட்டியின்மேலேயே ஏற்றிவிட்டார்கள். கடைசி வரிசையிலிருந்து ஒரு குரல்: "டீச்சர்! நாட் ஆன்! பிசைட்! பிசைட்!" திரும்பிப் பார்த்தால் அவள்தான். கூச்சத்தை மறந்து எழுந்தே நின்றுவிட்டாள். அரை ஆண்டாக எங்கள் சிவப்பு மையால் செய்ய முடியாததை அந்தச் சின்ன ஆட்டுக்குட்டி செய்துவிட்டது.

அடுத்தது, காகித நட்சத்திரங்கள். "இதைவிட அது பெரியது" என்னும்போது தமிழில் "பெரியது" மாறுவதில்லை. "விட" என்ற சொல்லே ஒப்பிட்டுவிடுகிறது. ஆங்கிலத்தில் "பிக்" என்பது "பிக்கர்" ஆகிறது. "விட" என்பதற்கும் ஒரு சொல் வேண்டுமே என்று நம் பிள்ளைகள் "மோர் பிக்கர்" என்கிறார்கள். மாணவியர் செய்த நட்சத்திரங்களை வரிசையாகத் தொங்கவிட்டு, இரண்டிரண்டாக ஒப்பிடச் சொல்லுங்கள். கடைசியில் எல்லாவற்றிலும் பெரியது எது, அழகானது எது என்று தீர்ப்புச் சொல்லச் சொல்லுங்கள்.

சீட்டுக் குலுக்கிக் கிறிஸ்மஸ் தோழியைத் தேர்ந்தெடுக்கும் வழக்கம் நாம் அறிந்ததே. அதைக் கேள்வி வாக்கியங்களுக்குப் பயன்படுத்தலாம். தமிழில் "பாடுவாளா?" என்று ஓர் "ஆ" சேர்த்தால் கேள்வியாகிவிடும். ஆங்கிலத்தில் "டஸ் ஷீ சிங்?" என்று "டஸ்" முன்னே வர வேண்டும், அது வந்தபின் "சிங்ஸ்" என்பதன் வால் உதிர வேண்டும். தோழி யார் என்று கண்டுபிடிக்கப் பத்துக் கேள்விகள். பதில் "எஸ்" அல்லது "நோ" மட்டுமே. வாலை உதிர்க்க மறந்த கேள்விக்குப் பதில் கிடையாது!

மூன்று இராஜாக்களையும் சும்மா விடுவதில்லை. அவர்களைக் குடிலில் வைக்காமல், வகுப்பின் தூரத்து ஜன்னலில் நிறுத்தி, தினமும் கொஞ்சம் நகர்த்துவோம். விடுமுறைக்கு முன்பு, "தே ஹாவ் நாட் கம் யெட்". ஜனவரி 6-ம் தேதி இராஜாக்கள் திருநாளன்று குடிலில் வைத்தவுடன், "தே ஹாவ் கம்". மறுநாள் தேதியைச் சொல்லும்போது, "தே கேம் ஆன் ஜனவரி சிக்ஸ்த்". நேற்று, போன வாரம் என்று முடிந்துபோன காலத்தைக் குறிப்பிட்டால் "ஹாவ்" விடைபெற்றுக்கொள்ளும் என்ற கடினமான விதி, இப்படி எளிதில் மனத்தில் பதிந்துவிடுகிறது.

பெரிய வகுப்பினருக்கு 1843-ல் வெளிவந்த சார்லஸ் டிக்கன்ஸின் "எ கிறிஸ்மஸ் கேரல்" கதை நல்ல விருந்து. கஞ்சன் ஸ்க்ரூஜைச் சந்திக்கும் மூன்று ஆவிகள் இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலத்தைக் காட்டுபவை. ஆவிக்கு ஐந்து வாக்கியம் எழுதச் சொன்னால் முக்காலமும் வந்துவிடும்.

எல்லா மதத்துப் பிள்ளைகளும் அமர்ந்திருக்கும் வகுப்பில் எல்லாத் திருநாளும் நம் திருநாளே. பொங்கல் வந்தால் செயப்பாட்டு வினை வரட்டும். பேச்சுத் தமிழில் "பால் காய்ச்சப்படுகிறது" என்று யாரும் சொல்வதில்லை; அதனால்தான் ஆங்கிலச் செயப்பாட்டு வினை அந்நியமாகத் தோன்றுகிறது. சர்க்கரைப் பொங்கல் வைக்கும் முறையை ஒவ்வொருத்தியும் ஒரு வாக்கியமாகச் சொல்லட்டும். அரிசியும் பருப்பும் கழுவப்படும், வேகவைக்கப்படும். வெல்லம் கரைத்து வடிகட்டப்படும். முந்திரி நெய்யில் வறுக்கப்படும். எந்த வேலையையும் விட்டுவிடாத குழுவுக்கே வெற்றி.

ஆசிரியைகளுக்கு மூன்று எச்சரிக்கைகள். ஒரு பாடவேளைக்கு ஒரு விதி மட்டுமே. இரண்டைக் கலந்தால் விளையாட்டு மிஞ்சும், இலக்கணம் நழுவும். பேசிக்கொண்டிருப்பவளை நடுவில் நிறுத்தித் திருத்தாதீர்கள். பிழைகளைக் குறித்துக்கொண்டு, பெயர் சொல்லாமல் இறுதியில் கரும்பலகையில் திருத்துங்கள். கடைசிப் பத்து நிமிடத்தில், பேசியதை ஐந்து வாக்கியங்களாக நோட்டில் எழுதவையுங்கள். எழுதாதது மறுநாள் நிற்பதில்லை.

திருநாள் முடிந்ததும் தோரணங்களை அவிழ்த்து, சுரூபங்களைப் பெட்டியில் வைத்துவிடுகிறோம். ஆனால் "பிசைட்!" என்று எழுந்து நின்றவள் மறுபடியும் தலை குனியவில்லை. இப்போதும் பிழை செய்கிறாள், ஆனாலும் பேசுகிறாள். பேசுகிற பிள்ளையைத் திருத்த நம்மால் முடியும். பேசாத பிள்ளையை எப்படித் திருத்துவது?